சார்ஜ் எங்கே போகிறது

டிசம்பர் 18, வியாழன்

காலையில் கார் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றாமல் டிக், டிக் என்றது; அதோடு சரி. ஹாரனை அழுத்தினேன். சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு சத்தம். பேட்டரி இறங்கியிருக்கிறது. ஆயுதபூஜைக்கு முன்னால் வாங்கிய பேட்டரி. அது இறங்கக் கூடாது.

சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. நேற்றே போயிருப்போம், பாதியில் திரும்பிவிட்டோம். தளி ரோட்டு வளைவில் மொபெட்டில் ஒரு பெண் பக்கத்திலிருந்து திடீரென்று முளைத்தாள். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். ஒன்றும் ஆகவில்லை, பையனின் பை மட்டும் விழுந்தது. தப்பு அவள்மேல். மனைவி வேலாத்தாள் இறங்கிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏதோ நாங்கள்தான் தப்புச் செய்த மாதிரி. வீடு வரும்வரை பேசவில்லை.

இன்று பேசினாள். “தடங்கலா இருக்குதுங்க. இன்னைக்கு உட்டுப்போடுங்க. காய்க்காரம்மா வருவா.”

“பேட்டரி எறங்குனா அதுக்குப் பேரு தடங்கல் இல்ல புள்ள. டிஸ்சார்ஜ்.”

கல்யாணமான நாள் முதல் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சகுனத்தை முன்னால் நிறுத்திவிட்டு அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவாள். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை. சாமியிலும் அவ்வளவாக இல்லை.

தை பதினொன்றாம் தேதி பேத்திக்குக் காதுகுத்து. தாராபுரம் தாண்டிக் குலதெய்வம் கோயில். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மொட்டையடிக்க இந்த வண்டியில்தான் போனோம். ஓட்டியது நான். இந்தத் தடவையும் நான்தான். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

டெர்மினல்களைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவினேன். சார்ஜர் போட்டிருக்கிறது. முதுகு வலி.

டிசம்பர் 21, ஞாயிறு

மகன் குணாளன் திருப்பூரிலிருந்து வந்தான். வந்தவன் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் இடது மட்கார்டில் இருந்த நசுங்கலைப் பார்த்தான்.

“இது எப்பங்ப்பா?”

“கேட் தூண கொத்தன் கோணையா வெச்சுட்டான்.”

“தூணு வெச்சு இருவது வருசமாச்சுங்க.”

“இருவது வருசமாத்தான் கோணையா இருக்குது.”

அவன் சிரிக்கவில்லை. “குடுத்துப்போடலாங்ப்பா. காதுகுத்துக்கு நான் வேன் சொல்லிர்றேன். எல்லாரும் ஒண்ணாப் போயிக்கலாம்.”

“எங்கொலதெய்வத்துக்கு நான் வாடகை வண்டில போறதா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தோசைக்கல்லைப் பார்த்தாள்.

இவன் இன்ஜினியரிங் முடித்தவன். நான் யூனியன் ஆபீசில் டைப் அடித்தவன். எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. இந்த வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்கப் படித்தேன். அதிலிருந்து இந்த பானெட்டுக்குள் வேறு கை பட்டதில்லை. இவன் காலேஜுக்குப் போனது இந்த வண்டியில். மகள் சுகந்தியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனது இந்த வண்டியில். இப்போது எல்லோருக்கும் இது இரும்பு.

டிசம்பர் 22, திங்கள்

எடுத்தது. ஒரே திருப்பு. பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். நாளை இரண்டு பேரும் திருமூர்த்தி மலைக்குப் போய்வரலாம் என்று சாப்பிடும்போது சொன்னேன். சரிங்க என்றாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

எடுக்கவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

என்னைக் கேட்காமல் குணாளன் போன் செய்து எலெக்ட்ரீஷியன் ரபீக்கை அனுப்பியிருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் முடிவு சொல்கிற ஜாதி.

“டைப்பிஸ்ட் ஐயா, ஆல்டர்னேட்டர் காலிங்க. மாத்திரலாம்.”

“பாத்தியா?”

“பாக்கோணுங்களா? இந்த வயசு வண்டிக்கு வேறென்ன போகுமுங்க?”

“இந்த வயசு மனுசனுக்கு என்ன போகும்னு ஆஸ்பத்திரில போயிச் சொல்லு, டாக்டர் வேலை குடுப்பாங்க.”

சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரியின்மேல் மீட்டரை வைத்தேன். இப்போது வருகிற மீட்டர்களில் எண் சாம்பல்மேல் சாம்பலாக இருக்கிறது. போர்ட்டிகோ நிழலில் ஒன்றும் தெரிவதில்லை. வேலாத்தாளைக் கூப்பிட்டேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

“பதினாலு புள்ளி ஒண்ணுங்க.”

ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது. ஏறுவது எங்கேயோ இறங்கிப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

டிசம்பர் 30, செவ்வாய்

கசிவுச் சோதனை. சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று இதில் தெரிந்துவிடும்.

“என்ன காட்டுது?”

“சைபருங்க. சைபர் புள்ளி சைபர். பொறவு ஒரு ரெண்டு இருக்குதுங்க.”

அந்த இரண்டு ஒன்றுமில்லை. பகலில் கசிவே இல்லை. மூன்று தடவை பார்த்தேன். ராத்திரியில் மட்டும் கசிகிறது என்றால் பனியாக இருக்கலாம். ஈரம் இறங்கி எங்கேயோ வயர் எர்த் ஆகிறது. ஆனால் உறை போட்டுத்தானே வைக்கிறோம். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உறை போடுவதும், விடிவதற்கு முன் கோலம் போட எழும்போது அதை எடுத்து மடித்துவைப்பதும் வேலாத்தாளின் வேலை. ஒரு நாள் தவறியதில்லை. மார்கழிப் பனியில்கூட.

“ஏனுங்க, காதுகுத்துக்குள்ள கண்டுபுடிச்சிருவீங்களா?” என்று கேட்டாள்.

“புடிக்காம?”

ஜனவரி 3, சனி

நேற்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தேன். காலையில் மாட்டினேன். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட், முழு சார்ஜ். வண்டி பிய்த்துக்கொண்டு எடுத்தது. அப்படியானால் பேட்டரிமேல் குற்றமில்லை. வண்டிக்குள்தான் திருடன்.

இன்னொன்றையும் கவனித்தேன். தினமும் இறங்குவதில்லை. நாளைக்கு வண்டி எடுக்கிறேன் என்று நான் வாய்விட்டுச் சொன்ன ராத்திரிகளில்தான் இறங்கியிருக்கிறது. வண்டிக்குக் காது இருக்கிறதா என்ன. தற்செயல்.

ஜனவரி 5, திங்கள்

இனி ஒரு ராத்திரிக்கு ஒரு ஃபியூஸ். ஒன்றைப் பிடுங்கிவிட்டு விட வேண்டியது. காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் அந்த வழியில் கசிவு இல்லை. இறங்காமல் இருந்தால் அதுதான் வழி. மெதுவான வேலை. எனக்கு அவசரமில்லை. யாரும் எங்கேயும் காத்திருக்கவில்லை, காதுகுத்து வருகிற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

சோதனை சரியாக நடக்க வேண்டும் என்பதற்காகத் தினமும் சாப்பாட்டின்போது “நாளைக்கு வண்டி எடுக்கறேன்” என்று சொல்கிறேன். விஞ்ஞானத்தில் நிலைமைகளை மாற்றக் கூடாது.

ஜனவரி 7, புதன்

ஹாரன் ஃபியூஸ் இல்லை. இறங்கிவிட்டது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட வேலாத்தாள் வந்து நின்றால் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வைகாசியில் ஆரம்பித்த தொல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானில் காண்டாக்ட் சரியில்லை. சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். கடைசியில் காகிதத்தில் பாதிக்குமேல் கறுப்பாக வந்தது. பொத்தான் கெட்டால் கறுப்பாகத்தான் வரும். டாக்டர் அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார். அவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும். நான் கடைசி வரிசை எழுத்துவரை தடுமாறாமல் படித்தவன்.

வேலாத்தாள் அன்று அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

வைப்பர் இல்லை.

ஜனவரி 12, திங்கள்

பிடித்துவிட்டேன்.

பார்க்கிங் லைட் ஃபியூஸைப் பிடுங்கி வைத்த ராத்திரி பேட்டரி அசையவில்லை. திரும்ப மாட்டினேன், மறுநாள் காலையில் பதினொன்று புள்ளி ஐந்து. முன்னால் சின்ன விளக்கு இரண்டு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு, நம்பர் பிளேட் விளக்கு. இதற்கு இக்னிஷன் சாவிகூடத் தேவையில்லை, நேராகப் பேட்டரியிலிருந்து வருகிற லைன். இந்த ஐந்தில் எங்கேயோ வயர் உரசுகிறது.

வேலாத்தாளிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“அந்த ஃபீசு இல்லாமயே வண்டி ஓடுங்களா?”

“ஓடும். ஆனா பின்னால செவப்பு எரியாது. பொழுது சாஞ்சு லாரி ரோட்டுல வர்றோம், எவனாவது பின்னால ஏத்துவான். பாப்பா வண்டில இருக்கும்போது அப்படி ஓட்டுவனா?”

அவள் தண்ணீரை வடித்தாள். பாதி அரிசி தொட்டியில் போனதைக் கவனிக்கவில்லை. “பாப்பா வண்டில இருக்கும்போது,” என்று நான் சொன்னதையே சொன்னாள்.

ஜனவரி 14, புதன்

போகி. எல்லோரும் பழையதை எரிக்கிறார்கள். நான் டேஷ்போர்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒரே மாதிரி இருக்கின்றன. எவன் இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தான்? வேலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து எது எது என்று சொன்னாள். ஒவ்வொரு வயராக விரலால் தடவிப் பார்த்தோம். ஒரு உரசல் இல்லை. ஒரு வெட்டு இல்லை. குற்றம் செய்த லைனில் குற்றமில்லை. இது நடக்கக் கூடியதல்ல.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். சுகந்தி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். “ஏனுங்ப்பா, வண்டி சரியாயிருச்சுங்களா? உங்க பேத்தி முன்சீட்டுல தாத்தா பக்கத்துலதான் உக்காருவேன்னு ஒரே அடம். மாமன் மடிலகூடக் காது குத்திக்குவாளாமா, வண்டில மட்டும் தாத்தாகூடத்தானாமா.” பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. பாம் பாம் என்றது.

முன்சீட் என்றால் இடது பக்கம். சீட் பெல்ட்டைச் சரிபார்க்க வேண்டும்.

போனை வேலாத்தாளிடம் கொடுத்தேன். அவள் “ம்” “ம்” என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி 19, திங்கள்

விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வேலாத்தாள் இல்லை. வாசலுக்கு வெளியே தண்ணீர் தெளிக்கும் சத்தம். போர்ட்டிகோவில் வண்டியின்மேல் உறை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. பனியின் ஈரத்தைப் பார்க்கலாமென்று பின்பக்கம் உறைக்கு அடியில் கையை விட்டேன். சிவப்பு விளக்கின் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. மார்கழி முடிந்தும் குறையாத குளிர், இரும்பெல்லாம் ஐஸாக இருக்கிறது, அந்தக் கண்ணாடி மட்டும் கோழி முட்டை மாதிரி. விளக்கு எரியவில்லை. சற்று முன்வரை எரிந்திருக்கிறது.

கதவைத் திறந்து டேஷ்போர்டைத் தடவினேன். பார்க்கிங் லைட் ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. குமிழின்மேல் விரலுக்கு நறநறவென்று ஏதோ பட்டது. வெள்ளையாக. தூசியாக இருக்கும். துடைத்துவிட்டேன்.

வெளியே போனபோது வேலாத்தாள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கோலப்பொடிக் கிண்ணம் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“என்னுங்க, இந்நேரத்துக்கு?”

“சும்மா.”

“கண்டுபுடிச்சுட்டீங்களா?”

“இல்ல.”

அவள் கோலத்தை முடிக்கவில்லை. புள்ளிகளோடு விட்டுவிட்டுக் காபி போட உள்ளே போனாள். காபியில் சர்க்கரை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 21, புதன்

ரபீக் கடையிலிருந்து ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வாங்கிவந்து பேட்டரி வயரில் போட்டேன். தலையில் ஒரு சிவப்புக் குமிழ், அதைத் திருகிக் கையோடு எடுத்துப் போய்விடலாம். எடுத்துவிட்டால் வண்டி முழுக்கச் செத்த மாதிரி. இனி யாரும் சார்ஜைத் தின்ன முடியாது. எதுவும் தின்ன முடியாது.

ஜனவரி 22, வியாழன்

தாராபுரம் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் பூ மாதிரி இருக்கிறது. பாதி வழியில் இடது பக்கக் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. பழைய திருகு. ஒரு ஆள் பின்னாலேயே ஓடிவந்து கத்தினான். கையில் பால் கேன் வைத்திருந்தான், கேன் நசுங்கியிருந்தது. அவன் ரோட்டில்தான் நின்றிருக்கிறான் போல. எங்கே நின்றான் என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது மெதுவாக வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வேலாத்தாள் வந்து கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தாள்.  கதவைத் திறந்து கையை நீட்டினாள். நானாகவே இறங்கினேன்.

ஜனவரி 23, வெள்ளி

எந்தக் குற்றத்தையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிப் பொத்தானை நான் நம்பவில்லை. ஆகவே நானே ஒரு சோதனை வைத்தேன்.

மத்தியானம் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் காலண்டர். அதிலுள்ள தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். டெஸ்ட் லாம்பைப் பேட்டரியில் மாட்டி வேலாத்தாளின் கையில் கொடுத்தேன்.

“என் காதுக்குப் பின்னாலருந்து மெதுவா முன்னால கொண்டா. தெரிஞ்சதும் சொல்றேன். நிறுத்திக்கோ.”

“இது எதுக்குங்க?”

“சொன்னதச் செய் புள்ள.”

காலண்டரில் தேதி தெளிவாகத் தெரிந்தது. கீழே பொடி எழுத்தில் ராகுகாலம் தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

“ஆரம்பி.”

விளக்கு வரவில்லை.

“ஏ வேலாத்தா. இன்னும் ஆரம்பிக்கலையா?”

“ஆரம்பிச்சு நேரமாச்சுங்க.” குரல் என் முகத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

பிறகுதான் விளக்கு தெரிந்தது. ஏறக்குறைய காலண்டருக்கு எதிரில் வந்திருந்தது. இடது கைப் பக்கம் இன்னும் மோசம். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். கை வலித்திருக்கும், அவள் சொல்லவில்லை. 

டெஸ்ட் லாம்ப் வயர் லூஸாக இருக்கலாம். பார்க்க வேண்டும்.

பார்த்தேன். லூஸ் இல்லை.

ஜனவரி 24, சனி

சுகந்தி குடும்பத்தோடு வந்துவிட்டாள். குணாளனும் வந்துவிட்டான். வீடு முழுக்கச் சத்தம். குழந்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. சீட் பெல்ட் நன்றாகத்தான் பிடிக்கிறது.

சாயங்காலம் வேலாத்தாள் வழக்கம்போல உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள். பானெட்டுக்குள் என்ன போட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். வயரைப் பிடித்துக்கொண்டதே அவள்தான்.

“நாளைக்கு எடுத்துருங்களா?” என்றாள்.

“பாக்கலாம்.”

நான் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. உறையைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பனி.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் எல்லோரும் போர்ட்டிகோவில். பொங்கல் பானை, கரும்பு, மாலை எல்லாம் டிக்கியில் ஏற்றியாயிற்று. பாக்கிப் பேருக்குக் குணாளனின் கார். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தார்கள். குழந்தை பட்டுப் பாவாடையோடு முன்சீட்டில். வேலாத்தாள் பின்சீட்டில், இரண்டு கையாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. டிக் என்றுகூட இல்லை.

இன்னொரு தடவை திருப்பினேன்.

“கட்-ஆஃப் போட்டிருக்கறீங்கன்னு அம்மா சொன்னாங்க, அதப் பாருங்ப்பா,” என்று குணாளன் பானெட் பக்கம் போனான்.

“தொடாத,” என்றேன். “கொலதெய்வத்துக்குக் கெளம்பையில மொத திருப்புல எடுக்கலீன்னா அது தடங்கல். சாமி வேண்டாங்குது. அப்புறம் அந்த வண்டில போகக் கூடாது.”

 மாப்பிள்ளை சுகந்தியைப் பார்த்தார். குணாளன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். “நீங்களா இதச் சொல்றீங்க?” என்றான்.

“உங்கம்மாவக் கேளு. இந்த விசயமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.”

வேலாத்தாள் சீட்டிலிருந்து கையை எடுத்தாள். “ஆமாங் கண்ணு,” என்றாள்.  “அப்பா சொல்றது சரிதான். வேனுக்குச் சொல்லிரு.”

வேன் வர நேரமாகிவிட்டது. டிரைவர் இளைஞன், வளைவில் கியர் குறைக்கத் தெரியவில்லை. சொன்னேன். “சரிங்க பெரியவரே” என்றானே தவிரக் குறைக்கவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். ஸ்டியரிங் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தது. சட்டைப் பையிலிருந்த சிவப்புக் குமிழ் அதன் முதுகில் குத்தியது போலிருக்கிறது, நெளிந்தது. எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். வேலாத்தாள் பார்த்தாள். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

தாராபுரம் தாண்டியதும் குழந்தை ஜன்னலில் கையை நீட்டிக் கத்தியது. “தாத்தா, ஃபேன்! எவ்ளோ பெரிய ஃபேன்! அங்க!”

“எங்க?”

“அங்க, தாத்தா! பக்கத்துல!”

தலையைத் திருப்பினேன். வயல் தெரிந்தது. இன்னும் திருப்பினேன். தோளும் சேர்ந்து திரும்பிய பிறகு தெரிந்தன, காற்றாலைகள், வரிசையாக, சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு.

“பாத்துட்டேன் சாமி,” என்றேன்.

உட்கார்ந்திருப்பவன் அவ்வளவு தூரம் திரும்பலாம். ஓட்டுகிறவனால் முடியாது.